துப்பாக்கி தராமல் போருக்கு அனுப்பிய தாத்தாக்களுக்கு என்ன வைத்தியம் நடந்தது?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். உங்கள் தாத்தா 1941-இல், இரண்டாம் உலகப் போரில், நம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கப்பல் ஏறி எகிப்துக்குப் போய் ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டினார். திரும்பி வந்த பிறகு ராத்திரியில் கத்திக்கொண்டு எழுந்திருப்பார், தீபாவளியன்று வெடிச் சத்தம் கேட்டால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஆயா அவரை மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய் வேப்பிலை அடித்துப் பார்த்தார்கள். வீட்டில் இன்றைக்கும் "தாத்தாவுக்குக் காத்துக் கருப்பு" என்றுதான் பேச்சு. அந்தக் காலத்தில் இதற்கு வைத்தியமே இல்லையா என்று கேட்கிறீர்கள். அப்புறம், காங்கோவில் அமைதிப் படையில் இருந்துவிட்டு வந்த உங்கள் அண்ணன் இப்போது அதே மாதிரி இருக்கிறார், என்ன செய்வது என்றும்.

நான் இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் மனநல வார்டு நர்ஸாக முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

வைத்தியம் இருந்தது. உங்கள் தாத்தா வரைக்கும் வரவில்லை, அவ்வளவுதான்.

போர்க்களத்தில் மனசு உடைவது புதிதில்லை. 1871-இலேயே அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களைப் பார்த்த டா கோஸ்டா என்ற டாக்டர், இதயத்தில் ஒரு குறையும் இல்லாமல் நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கும் வீரர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அன்றைக்கு அதை இதய நோய் என்றுதான் நினைத்தார்கள். முதல் உலகப் போரில் 'ஷெல் ஷாக்' என்ற பெயர் வந்தது. சார்ல்ஸ் மையர்ஸ் என்பவர் 1915 பிப்ரவரியில் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் அந்தப் பெயரோடு எழுதினார். பக்கத்தில் குண்டு வெடித்த அதிர்ச்சியில் மூளை குலுங்கிவிட்டது என்ற எண்ணம். பிறகு பார்த்தால் குண்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே போகாதவனுக்கும் கை நடுங்குகிறது, பேச்சு நின்றுபோகிறது. பெயரை வைத்த மையர்ஸுக்கே அந்தப் பெயர் பிடிக்காமல் போய்விட்டது.

நம் நாட்டுக்காரர்களுக்கு அந்தப் போர் என்றால் டெல்வில் காடு. 1916 ஜூலையில் பிரான்ஸில் அந்தக் காட்டுக்குள் மூவாயிரத்துக்கு மேற்பட்ட தென்னாப்பிரிக்க வீரர்கள் போனார்கள், ஆறு நாள் கழித்து வெளியே வந்து வரிசையில் நின்றவர்கள் எண்ணூறு பேர்கூட இல்லை. அப்படித் தப்பி வந்தவன் ராத்திரி எப்படித் தூங்குவான், நினைத்துப் பாருங்கள்.

வைத்தியம் ஆளுக்கு ஏற்ற மாதிரி நடந்தது. அதிகாரி என்றால் ஸ்காட்லாந்தில் கிரெய்க்லாக்கார்ட் என்ற பெரிய மாளிகை ஆஸ்பத்திரி, அங்கே ரிவர்ஸ் என்ற டாக்டர். இந்த ரிவர்ஸை நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அவர் 1901-02-இல் நீலகிரிக்குப் போய்த் தோடர்களோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து, அவர்கள் உறவுமுறையையும் சடங்கையும் அவர்கள் வாயால் கேட்டு எழுதியவர். தோடர் குடியிருப்பான மந்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்ட மனுஷன், பதினைந்து வருஷம் கழித்து நடுங்கும் அதிகாரிகளிடமும் அதையே செய்தார். "மறந்துவிடு, நினைக்காதே" என்று எல்லோரும் சொன்ன காலத்தில், அடக்கி வைப்பதுதான் நோயை வளர்க்கிறது, நடந்ததைச் சொல்லு, தாங்கக்கூடிய அளவில் நினைத்துப் பார் என்றார். அதே நேரத்தில் லண்டனில் ஊமையாகிப்போன சாதாரணச் சிப்பாய்களுக்குத் தொண்டையில் மின்சாரம் வைத்தார்கள், பேசும்வரை அறையைவிட்டு விடமாட்டார்கள். இன்னும் சிலருக்கு அதுவும் இல்லை, சுட்டுக்கொன்றார்கள். ஓடிப்போனார்கள், கோழைகள் என்று பிரிட்டிஷ் ராணுவம் அந்தப் போரில் சுட்ட 306 பேருக்கு 2006-இல்தான் மன்னிப்பு வந்தது. தொண்ணூறு வருஷம் அந்தக் குடும்பங்கள் தலைகுனிந்து இருந்திருக்கின்றன.

அந்தப் போர் முடிவதற்குள் ராணுவ டாக்டர்கள் ஒரு நல்ல விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். உடைந்தவனை ஊருக்கு அனுப்பாமல், போர்முனைக்குப் பக்கத்திலேயே, உடனேயே, தூக்கமும் சூடான சாப்பாடும் கொடுத்து, "நீ சரியாகிவிடுவாய்" என்று நம்பிச் சொன்னால் பலர் தேறினார்கள். அதில் ராணுவத்துக்கு ஆள் திரும்பக் கிடைக்கும் லாபமும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போர் முடிந்ததும் மொத்தத்தையும் மறந்துபோனார்கள். இருபது வருஷம் கழித்து அடுத்த போரில் முதலிலிருந்து படித்தார்கள்.

சரி, உங்கள் தாத்தாவின் போருக்கு வருகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் தென்னாப்பிரிக்காவிலிருந்து சுமார் 3,34,000 பேர் தாமாகச் சேர்ந்தார்கள். அதில் ஏறக்குறைய 77,000 பேர் கறுப்பர்கள், 46,000 பேர் கலப்பினத்தவரும் நம்மவர்களும். கேப் கோர், இந்திய மலாய் கோர் என்றெல்லாம் பிரிவு வைத்தார்கள். வெள்ளைக்காரர் அல்லாதவருக்குத் துப்பாக்கி கிடையாது என்பது விதி. லாரி ஓட்டலாம், சமைக்கலாம், குழி வெட்டலாம், ஸ்ட்ரெச்சர் தூக்கலாம். எகிப்தில் நடந்த எல் அலமெயின் சண்டையில் லூக்காஸ் மஜோசி என்ற ஸ்ட்ரெச்சர்காரர் தன் உடம்பிலேயே குண்டு பட்ட பிறகும், போகச் சொன்னால் போகாமல், மயங்கி விழும்வரை மற்றவர்களைத் தூக்கி வந்தார். அவருக்குப் பெரிய வீரப் பதக்கம் கொடுத்தார்கள், நியாயம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், துப்பாக்கி இருப்பவன் பயந்தால் திருப்பிச் சுடலாம், ஸ்ட்ரெச்சரின் இரண்டு பிடியையும் பிடித்தவனுக்குக் கையே காலியில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுபவனுக்குப் பின்னால் முனகல் கேட்கிறது, கொஞ்ச தூரம் போனதும் கேட்கவில்லை. உங்கள் தாத்தா சண்டை போடவில்லை, வண்டிதானே ஓட்டினார் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அதற்கு நாற்பது வருஷம் முன்னாடியும் இதே கதைதான். 1899 டிசம்பரில் போயர் போரின்போது காந்தி திரட்டிய நேட்டால் இந்தியர் ஆம்புலன்ஸ் படையில் ஏறக்குறைய 1,100 பேர். அதில் 800 பேர் கரும்புத் தோட்டத்திலிருந்தும் சுரங்கத்திலிருந்தும் வந்த ஒப்பந்தக் கூலிகள், அதாவது பாதிக்குப் பாதியாவது நம் தமிழ், தெலுங்கு ஆட்களாக இருந்திருப்பார்கள். கொலென்சோ, ஸ்பியன் கோப் சண்டைகளில் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து மைல் நடந்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் திரும்பத் தோட்டத்துக்கு. அவர்கள் கனவில் என்ன வந்தது என்று கேட்க ஓர் ஆள் இருந்ததில்லை.

நான் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். 1979 வாக்கில் எங்கள் வார்டுக்கு வந்தவர், அறுபதை நெருங்கிய தமிழ் ஆள், நிறவெறிச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தப்பட்ட குடும்பம். குடி என்றுதான் கொண்டுவந்து சேர்த்தார்கள், கேன் என்ற கரும்புச் சாராயத்தைக் குடித்துக் குடித்து ஈரல் கெட்டிருந்தது. தூங்கும்போது பார்த்தால் இரண்டு கையும் உடம்புக்குப் பக்கத்தில் நேராக நீட்டி, எதையோ பிடித்த மாதிரி இறுக்கி மூடியிருக்கும். காலையில் உள்ளங்கையில் நகம் பதிந்த தடம் நாலு நாலாகச் சிவந்து கிடக்கும். சொந்தக்காரர்களுக்கு அவர்மேல் ஒரு கோபம் இருந்தது. சொந்த அண்ணன் செத்தபோது பெட்டிக்குத் தோள் கொடுக்க வரவில்லை, பிடியைக் கையால் தொடக்கூட மாட்டேன் என்று கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டாராம். பாசமில்லாத மனுஷன் என்று ஒதுக்கிவிட்டார்கள். நானும் ஆறு வாரம் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் அழுக்குத் துணிக் கூடையை என்னோடு சேர்ந்து தூக்கச் சொன்னேன், மறுபக்கப் பிடியைப் பார்த்தார், வேர்த்துவிட்டது, சுவரோடு சாய்ந்துவிட்டார். அப்போதுதான் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது. "டோப்ரூக், நர்ஸம்மா" என்றார்.

1942 ஜூனில் லிபியாவின் டோப்ரூக் துறைமுகம் ஜெர்மானியர் கையில் விழுந்தபோது தென்னாப்பிரிக்கர்களிலேயே பத்தாயிரம் பேருக்கு மேல் பிடிபட்டார்கள், தெரிந்திருக்கும்.

அவருக்கு நடந்த வைத்தியத்தைச் சொல்ல வேண்டுமென்றால் இன்னொரு தென்னாப்பிரிக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜோசப் வோல்பி, 1915-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த டாக்டர், உங்கள் தாத்தா இருந்த அதே ராணுவத்தில் மருத்துவ அதிகாரி. போரில் மனசு உடைந்த வீரர்களுக்கு அன்றைய வழக்கப்படி ஊசி போட்டு அரைமயக்கத்தில் நடந்ததைச் சொல்ல வைத்தார். சொன்னார்கள், அழுதார்கள், ஆனால் பலருக்கு நிலையான குணம் வரவில்லை. அந்த ஏமாற்றத்தோடு போர் முடிந்து விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் பூனைகளை வைத்துச் சோதனை செய்தார். கூண்டில் ஷாக் வாங்கிய பூனை, பிறகு அந்தக் கூண்டில் சாப்பாடு வைத்தால் பட்டினி கிடந்தாலும் தொடாது. அவர் என்ன செய்தார் என்றால், கூண்டுக்குத் தூரத்தில் வேறோர் அறையில் சாப்பாடு வைத்தார், அங்கே சாப்பிட்டதும் இன்னும் கொஞ்சம் கூண்டு மாதிரி தெரியும் அறை, அப்புறம் இன்னும் கொஞ்சம் கிட்டே, இப்படிப் படிப்படியாகக் கொண்டுவந்து கடைசியில் அந்தக் கூண்டுக்குள்ளேயே பூனை நிம்மதியாகச் சாப்பிட்டது. மனுஷனுக்குச் சாப்பாட்டுக்குப் பதில் உடம்பைத் தளர்த்தும் பயிற்சி. பயப்படும் விஷயங்களை, குறைந்த பயத்திலிருந்து பெரிய பயம் வரை படிக்கட்டு மாதிரி எழுதிக்கொள்ள வேண்டும், உடம்பு தளர்ந்த நிலையில் ஒவ்வொரு படியாக நினைத்துப் பார்க்க வேண்டும். 1958-இல் இதை முழுசாகப் புத்தகமாக்கினார், 1960-இல் அமெரிக்கா போய்விட்டார். அங்கே அவரிடம் பயின்ற எட்னா ஃபோவா என்பவர்தான் பிறகு, படிப்படியாகத் தளர்ந்து தளர்ந்து போகவேண்டியதில்லை, பயமான நினைவை நேராகவே, திரும்பத் திரும்ப, பாதுகாப்பான இடத்தில், ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, சொல்லிப் பார்க்கலாம் என்று அந்த வழியை நீட்டினார். இன்றைக்கு அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கு முதலில் கொடுக்கும் சிகிச்சைகளில் அதுவும் ஒன்று. டோப்ரூக்குக்கும் எல் அலமெயினுக்கும் ஆள் அனுப்பிய ராணுவத்தின் டாக்டர் ஒருவருடைய மனக்குறையில் தொடங்கியது உலகம் பூராவும் போய்விட்டது, சாட்ஸ்வொர்த்துக்கு மட்டும் வர முப்பது வருஷம் ஆனது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

எங்கள் வார்டில் அப்போது ஜோகன்னஸ்பர்க்கில் இந்த முறையைப் படித்த இளம் சைக்காலஜிஸ்ட் ஒருவர் இருந்தார். துடைப்பக் கட்டையைச் சும்மா தொடுவதில் ஆரம்பித்தோம். பிறகு தாழ்வாரத்துக் கடைசியில் சாத்தி வைத்த ஸ்ட்ரெச்சரைத் தூரத்திலிருந்து பார்ப்பது, பக்கத்தில் நிற்பது, பிடியில் கை வைப்பது. நாலு மாதம் ஆனது. கடைசியில் காலி ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தை அவரும் மறுபக்கத்தை நானும் பிடித்து வார்டு வாசல்வரை நடந்தோம். இறக்கி வைத்த பிறகுதான் சொன்னார்: மணலில் ஒரு வெள்ளைக்காரப் பையனைத் தூக்கி வந்தாராம், பாதி வழியிலேயே செத்துப்போனது பிடியில் கனம் மாறியதில் தெரிந்துவிட்டதாம், முன்னால் பிடித்திருந்தவனிடம் சொல்லாமல் கடைசிவரை தூக்கியே வந்தாராம். முப்பத்தேழு வருஷம் யாரிடமும் சொல்லாதது. கனவு முழுசாக நிற்கவில்லை, ஆனால் கை விரிந்து தூங்கினார்.

சரி, மேலே போவோம். போர் முடிந்து வந்தவர்களுக்கு அரசு கொடுத்த பணமும் பென்ஷனும் நிறத்தைப் பார்த்துத்தான் கொடுக்கப்பட்டது, வெள்ளைக்காரருக்கு ஓர் அளவு, நமக்கு ஓர் அளவு, கறுப்பருக்கு அதைவிடக் குறைவு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பழைய பிரிட்டிஷ் கோட்டையையே 1927-இல் மனநல ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள், ஃபோர்ட் நேப்பியர். அங்கே அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்திலேயே நம் வீடுகளில் வாயைத் திறக்கவில்லை. ஆயா கோயிலுக்குக் கூட்டிப்போனதைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. ஆயாவுக்குத் திறந்திருந்த ஒரே கதவு அது. தாத்தாவை நாலு பேர் நடுவில் உட்கார வைத்தது, விரதம் இருந்த நாளிலாவது குடிக்காமல் வைத்தது. கெடுத்தது கேன், மாரியம்மா இல்லை.

அறுபதுகளின் நடுவிலிருந்து அங்கோலா, நமீபியா எல்லைப் போர். கட்டாய ராணுவ சேவை வெள்ளைக்கார இளைஞர்களுக்கு மட்டும், 1977-லிருந்து இரண்டு வருஷம். நம்மவர்களில் சிலர் தாமாகவே டர்பன் துறைமுகத்தில் ஜல்சேனா என்ற தளத்தில் கடற்படைப் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். எல்லையிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரப் பையன்களைப் 'பொசிஸ்' என்பார்கள், காட்டில் இருந்து புத்தி பிசகினவன் என்று அர்த்தம். பெயர் வைத்தார்களே தவிர வைத்தியம் வைக்கவில்லை. அதைவிடக் கொடுமை, பிரிட்டோரியா பக்கத்து 1 மிலிட்டரி ஆஸ்பத்திரியின் 22-ஆம் வார்டில், ஆணை விரும்பும் ஆண்களை 'மாற்றுகிறோம்' என்று கையில் மின்சார ஷாக் கொடுத்தார்கள். வோல்பியின் பூனைகள் சொன்னதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பயத்தைப் போக்குவதற்குப் பதில் பயத்தை ஊட்டினார்கள். 1997-இல், நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் முன் இது வந்தது. அந்த வருஷம் ஜூலையில் கட்டாய சேவை பற்றியே தனி விசாரணையும் நடந்தது.

எதிர்ப்பக்கத்தில், அங்கோலா முகாம்களில் இருந்த எம்.கே., அதாவது ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவுப் போராளிகள். டர்பனிலிருந்து போன நம் பிள்ளைகளும் அதில் உண்டு. 1994-இல் எல்லாப் படைகளையும் ஒன்றாகச் சேர்த்தார்கள், சண்டை போட்டவர்கள் ஒரே பாரக்கில். மனசைச் சேர்க்க யாரும் இல்லை. 1980-இல் அமெரிக்க மனநல சங்கம் வியட்நாம் வீரர்களின் போராட்டத்துக்குப் பிறகு பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, என்று நோய்க்கு முறையான பெயர் கொடுத்திருந்தது, அந்தப் பெயர் நம் நாட்டு முன்னாள் வீரர் சட்டத்தில் ஏற 2011 ஆனது. அந்த வருஷத்து ராணுவ முன்னாள் வீரர் சட்டம், எந்தப் பக்கம் இருந்தவராக இருந்தாலும், 1961-க்கு முந்தைய தென்னாப்பிரிக்க யூனியன் ராணுவத்தில் இருந்தவர்கள் உட்பட, மனநோய்க்கும் பி.டி.எஸ்.டி.க்கும் தனி ஆலோசனையும் சிகிச்சையும் உரிமை என்கிறது. உங்கள் தாத்தாவும் அந்தச் சட்டப்படி முன்னாள் வீரர்தான். காகிதத்தில் நல்ல சட்டம். நடப்பில் எப்படி என்றால், 2021 அக்டோபரில் முன்னாள் போராளிகள் இரண்டு அமைச்சர்களையே ஒரு ஹோட்டலில் வெளியே விடாமல் வைத்துக்கொண்டார்கள், அந்த அளவுக்கு வெறுத்துப்போயிருந்தார்கள். ராணுவ ஆஸ்பத்திரி நாட்டில் மொத்தம் மூன்று, பிரிட்டோரியா, கேப் டவுன், புளூம்ஃபொன்டெய்ன். நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் ஒன்றுகூட இல்லை.

இப்போது அண்ணன். அவர் இன்னும் பணியில் இருக்கிறார் என்றால் ராணுவ மருத்துவப் பிரிவின் சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. போகத் தயங்குவார், அதற்குக் காரணமும் உண்டு. உடல்நலத் தகுதியில் குறை எழுதிவிட்டால் அடுத்த வெளிநாட்டுப் பணியும் அதற்கான படியும் போய்விடும், வீட்டுக் கடன் அந்தப் பணத்தில்தான் ஓடும். அதனால் "போய்ப் பாரு" என்று தள்ளாதீர்கள், கூட ஒருவர் போங்கள். அவரைப் பார்க்கிறவரிடம், அதிர்ச்சி நினைவுக்கான முறையான சிகிச்சை தெரியுமா என்று நேராகக் கேளுங்கள். அது வாரம் ஒன்றாக எட்டிலிருந்து பதினைந்து அமர்வு வரை போகும், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், நடுவில் கொஞ்ச நாள் மோசமாகத் தெரியும், அப்போது நிறுத்திவிடக் கூடாது. செர்ட்ராலின் மாதிரி மாத்திரை பலருக்கு உதவுகிறது. தூக்க மாத்திரையை மட்டும் மாதக்கணக்கில் எழுதிக் கொடுத்து அனுப்பினால் அது வைத்தியமில்லை, இன்னொரு கேன். சாகலாம் என்று ஒரு வார்த்தை வந்தாலோ, துப்பாக்கி வீட்டில் இருந்தாலோ காத்திருக்காதீர்கள், துப்பாக்கியை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

"என்னடா நடந்தது அங்கே" என்று கேட்டு நச்சரிக்காதீர்கள். பக்கத்தில் இருங்கள், அவராகச் சொன்னால் நடுவில் பேசாதீர்கள். அப்புறம் தாத்தாவின் ராணுவப் பதிவு அட்டை பிரிட்டோரியாவில் பாதுகாப்புத் துறை ஆவணக் காப்பகத்தில் இருக்க வாய்ப்பு உண்டு, பெயரும் படை எண்ணும் கொடுத்து எழுதிக் கேளுங்கள். கிடைத்தால் அண்ணனிடம் காட்டுங்கள். தாத்தாவைப் பற்றிப் பேசுவது அவருக்குத் தன்னைப் பற்றிப் பேசுவதைவிடச் சுலபமாக இருக்கும்.

தீபாவளி வருகிறது. அன்று ராத்திரி எங்கே இருக்கப் பிடிக்கும் என்று இப்போதே அவரிடம் கேட்டு வையுங்கள், ஊருக்கு வெளியே போகலாம் என்றால் கூடவே போங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை சொல்லி, எத்தனை மணிக்கு வெடிப்பார்கள் என்று கேட்டு அவரிடம் சொல்லுங்கள். வரும் என்று தெரிந்த சத்தத்தை அவரால் தாங்க முடியும்.